மஞ்சள் வீட்டுக்கு ஓடு!

போன் அலறியது!

டெய்லரக்கா எடுக்கவில்லை. வாய் நிறைய குண்டூசி. எதிரே ஒரு வாடிக்கைப் பெண், பாதி தைத்த கவுனுக்குள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

போன் ஓய்ந்தது. மறுபடியும் அலறியது.

குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு எடுத்தாள்.

"அலோ... டெய்லர் கடைங்க. உங்க துணி நாளைக்குத்தான் ரெடியாகும்..."

"எனக்குத் துணி வேண்டாம்." ஆண் குரல். கரகரப்பு. "உன் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளா?"

டெய்லரக்கா வாசலைப் பார்த்தாள். ஸ்கூல் வேன் தெருமுனையில் இறக்கிவிட்டிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

"யாருங்க நீங்க?"

"சிட்டு எங்கிட்ட இருக்கா."

உள்ளங்கை மூடிக்கொண்டது. அத்தனை குண்டூசியும் உள்ளே குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை.

"சாயங்காலம் ஸ்டேஷன்ல அடையாள அணிவகுப்பு. வரிசையா ஆளுங்களை நிறுத்தி, மருந்துக்கடைக்காரரைக் குத்தினது இதுல யாருன்னு கேப்பாங்க. கரடியும் நிப்பான். நீ நல்லாப் பாக்கணும்... பாத்துட்டு, 'இவங்கள்ல யாருமில்ல'ன்னு சொல்லணும். அவ்ளோதான் வேலை!"

"அய்யோ... குழந்தைய ஒண்ணும் செஞ்சிடாதீங்க..."

"அது உன் நாக்குலதான் இருக்கு. போலீஸுக்குச் சொன்னாலும் பொண்ணு கெடையாது. கரடிதான்னு சொன்னாலும் பொண்ணு கெடையாது!"

கட்!

"என்னக்கா... யாரு போன்ல?" என்றாள் கவுன்காரி, கையைத் தூக்கியபடியே.

டெய்லரக்கா அவளை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

*

விஷயம் இதுதான்.

போன வாரம், கடை மூடும் நேரத்தில், மருந்துக்கடைக்காரரைக் கடைக்குள்ளேயே வைத்துக் குத்திவிட்டு ஒருவன் ஓடிவந்தான். ஓடிவந்தவன் நேராக டெய்லரக்காவின் மேலேயே மோதினான். முகத்துக்கு முகம்! ரவுடி கரடி! ஏரியாவில் அவனைத் தெரியாதவர் இல்லை. போலீஸ் மறுநாளே பிடித்துவிட்டது. ஆனால் பார்த்த சாட்சி இவள் ஒருத்திதான்.

அந்த நேரத்தில் இவளுக்கு அங்கே என்ன வேலை?

ரோந்து! அந்தத் தெருவில் 'தெருக் காவல் குழு' என்று ஒன்று உண்டு. திருட்டு தலைக்கு மேல் போனபோது போலீஸும் தெருக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. மஞ்சள் மேல்சட்டை, கழுத்தில் விசில், ஆள் மாற்றி ஆள் ரோந்து. பூட்டுக்காரர் வீடு வீடாகப் போய்க் கதவையும் தாழ்ப்பாளையும் சும்மாவே சோதித்துக் கொடுப்பார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்தான் தலைவர். செயலாளர் நம் டெய்லரக்கா.

அவள் யோசனைதான் 'மஞ்சள் வீடு'. குழுவே உள்ளே போய்ப் பார்த்து, இவர்கள் நல்லவர்கள் என்று முடிவு செய்த வீடுகளின் கேட்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். 'பாதுகாப்பான வீடு'. தெருவில் குழந்தைக்கு ஒரு பயமென்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே ஓடலாம்.

ஸ்கூலிலேயே ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். விட்டு விட்டு விசில் அடித்தால் என்ன செய்ய வேண்டும், நீளமாக அடித்தால் என்ன செய்ய வேண்டும் எல்லாம் அந்த வாண்டுகளுக்குத் தலைகீழ்ப் பாடம். முன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும் விடச் சத்தமாக ஒப்பித்தது அவள் மகள் சிட்டு. இரண்டாம் வகுப்பு.

சிட்டுவின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. இப்போது நடுக்கடலில் எங்கேயோ. போன் போட்டால் கடல்கூடப் பதில் சொல்லாது.

*

"சிட்டூ...!"

தெரு முழுக்க அவள் குரல் ஓடியது.

"சிட்டூ... அம்மா கூப்பிடுறேன்டி!"

பதில் இல்லை.

தலைவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பூட்டுக்காரர் திருப்புளியோடு வந்தார். எதிர்வீட்டிலிருந்து, செத்துப்போன மருந்துக்கடைக்காரரின் மனைவி வீங்கிய கண்களோடு வந்தாள். பாவம், புருஷன் போன நாளிலிருந்து அந்தக் கண் காயவே இல்லை.

"என்னம்மா... என்ன ஆச்சு?" என்றார் தலைவர்.

"சிட்டுவைக் காணோம் சார்!"

"இப்பத்தானே விசில் சத்தம் கேட்டுது! விட்டு விட்டு அடிச்சுதே!"

"கேட்டுது சார். வாயில ஊசி... நீங்க பாத்துப்பீங்கன்னு நெனச்சேன்..."

"நான் நீ பாத்துப்பேன்னு நெனச்சேன்!"

"நான் ரெண்டு பேரும் பாத்துப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார் பூட்டுக்காரர்.

பத்துப் பேர் காவல் காத்த வீட்டில் பானையைக் காணோம் என்ற கதைதான்.

"எட்டிப் பாத்தேன். தெருவுல ஈ காக்கா இல்ல. எந்தப் பயலோ வெளையாடுறான்னு உள்ள போயிட்டேன்." தலைவரின் குரல் இறங்கியது. "சரி, அழாத. தேடுவோம். போலீஸுக்கு ஒரு போன் போட்டுடுறேன்..."

"போலீஸ் வேண்டாம் சார்!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இங்கதான்... எங்கயாச்சும் வெளையாடிட்டிருப்பா. முதல்ல நாம தேடலாம் சார். உங்க கால்ல விழுறேன்!"

தலைவர் தலையாட்டினார். நாற்பது வருஷம் வகுப்பறையை மேய்த்த குரல் கிளம்பியது.

"மஞ்சள் வீடுகளை விடு! வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், அதெல்லாம் நாமளே பாத்து வச்ச எடம். ஸ்டிக்கர் இல்லாத வீடா உள்ள பூந்து தேடு! மொட்டைமாடி, கார் ஷெட், பாத்ரூம் ஒண்ணையும் விடாத!"

குழு கிளம்பியது. மஞ்சள் சட்டைகள் எட்டுத் திக்கும் சிதறின.

மருந்துக்கடைக்காரர் மனைவி டெய்லரக்காவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா... எங்கிட்டச் சொல்லுக்கா. வேற ஏதோ இருக்கு. ஏன் போலீஸ் வேண்டாம்னு சொன்ன?"

டெய்லரக்கா உடைந்தாள். போன் வந்ததை அவளிடம் மட்டும் சொன்னாள்.

*

தையல் மெஷினில் பாதித் தையலோடு துணி தொங்கிக்கொண்டிருந்தது. கவுன்காரி எப்போதோ குண்டூசியோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

"இந்தா... ரெண்டு வாய் தண்ணி குடி."

"இறங்கல தங்கச்சி. எப்படி இறங்கும்? உன் புருஷனைக் கொன்னவனை நான் என் கண்ணால பாத்தேன். உனக்கு என்ன வாக்குக் குடுத்தேன்? 'அவனை விடமாட்டேன்'னு குடுத்தேன். இப்ப நானே போய், இவன் இல்லன்னு..."

"சொல்லிடுக்கா."

டெய்லரக்கா நிமிர்ந்தாள்.

"என்ன சொல்ற?"

"போன உசுரு போயிடுச்சு. கரடியத் தூக்குல போட்டா எம் புருஷன் எந்திரிச்சு வந்துடுவாரா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் குழந்தைய விட அந்த நீதி எனக்குப் பெருசில்ல. தெரியலன்னு சொல்லிட்டு வந்துடு. நான் உம்மேல ஒரு நாளும் வருத்தப்பட மாட்டேன்."

டெய்லரக்கா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படியும் ஒரு மனசா!

அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடி அலறியது.

"என்ன... யோசிச்சியா?" அதே கரகரப்பு.

"நீங்க சொன்னபடி செய்யுறேன். எம் பொண்ணு குரலை ஒரே ஒரு தடவை கேக்கணும். அவ உசுரோட இருக்கான்னு தெரியாம நான் அந்த ஸ்டேஷன் படி ஏற மாட்டேன்!"

ஏதோ ஒரு கதவு திறக்கும் சத்தம். செருப்பில்லாத கால் நடக்கும் சத்தம். பிறகு...

"அம்மா?"

"சிட்டு! கண்ணு! எங்கடி இருக்க?"

"அது சொல்லக் கூடாதே! அம்மா, நான் எல்லாம் கரெக்டா செஞ்சேம்மா. ஜன்னல்ல எட்டிக்கூடப் பாக்கல. உக்காந்த எடத்துலயே..."

கட்!

டெய்லரக்கா போனைப் பிடித்தபடி அப்படியே சுவரில் சரிந்தாள்.

"என்னக்கா சொன்னா?"

"உசுரோட இருக்கா... அது போதும். அது போதும் தங்கச்சி. நான் சொல்லிடுறேன். கரடி இல்லன்னு சொல்லிடுறேன்."

மருந்துக்கடைக்காரர் மனைவி பெருமூச்சு விட்டாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

*

இன்ஸ்பெக்டரம்மா இறங்கி வந்தாள். ஆறடி உயரம். குழுவுக்கு விசில் ஊதவும் ரோந்து போகவும் சொல்லிக்கொடுத்தவள். பேச்சில் உப்பும் காரமும் எப்போதும் கொஞ்சம் தூக்கல்.

"என்னக்கா, போலாமா? வரிசை ரெடி. கரடிக்கு ஷேவ் பண்ணி வச்சிருக்கோம். கொஞ்சம் மனுஷன் மாதிரி இருக்கான்."

"போலாம் மேடம்..."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"வெங்காயம் நறுக்கினேன்."

இன்ஸ்பெக்டரம்மா தையல் மெஷினைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். டெய்லரக்காவின் உள்ளங்கையில் புள்ளி புள்ளியாக உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"மெஷின்லயா?"

"அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல மேடம்," என்று மருந்துக்கடைக்காரர் மனைவி இடையில் புகுந்தாள். "நானும் துணைக்கு வர்றேன். கைத்தாங்கலா இருக்கும்."

"தாராளமா வாங்க."

ஜீப் கிளம்பியது. முன் சீட்டில் இன்ஸ்பெக்டரம்மா. பின் சீட்டில் இவர்கள் இரண்டு பேரும்.

தெருவில் மஞ்சள் சட்டைகள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தலைவர் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

"என்ன, இன்னைக்கு ரோந்து பலமா இருக்கு?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"ஒத்திகை," என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி சட்டென்று.

ஒத்திகை...

டெய்லரக்காவின் விரல்கள் பழக்கதோஷத்தில் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருட்டிக்கொண்டிருந்தன. நாடாவோடு சேர்ந்து இன்னொன்றும் கையில் தட்டுப்பட்டது.

விசில்!

'அம்மா, நான் எல்லாம் கரெக்டா செஞ்சேம்மா.'

எதை?

'ஜன்னல்ல எட்டிக்கூடப் பாக்கல.'

யார் சொன்னது எட்டிப் பார்க்கக் கூடாதென்று?

அவள்தானே! வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால் நின்று, அவள் வாயால் சொன்னதுதானே! விட்டு விட்டு விசில் கேட்டா மஞ்சள் வீட்டுக்கு ஓடு. உள்ள போய் உக்காரு. எட்டிப் பாக்காத. எங்க இருக்கேன்னு யாருக்கும் சொல்லாத. தெருவுல யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராத... நான் கூப்பிட்டாலும் வராத. என் நீள விசில் கேட்டா மட்டும் வெளிய வா!

சிட்டு அழவில்லை. பயப்படவில்லை. ஏனென்றால் அவளை யாரும் கடத்தவில்லை. அவளாகவே ஓடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டில்! அதை மட்டும் யாருமே தேடவில்லை!

நீள விசில்?

அதை இன்றைக்கு யாருமே ஊதவில்லையே!

"ஜீப்பை நிறுத்துங்க!"

டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். இன்ஸ்பெக்டரம்மாவின் தொப்பி கண்ணாடியில் மோதியது.

டெய்லரக்கா குதித்து இறங்கினாள். விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அக்கா! வேண்டாம்!" மருந்துக்கடைக்காரர் மனைவி பாய்ந்து இறங்கி அவள் கையைப் பிடித்தாள். "பைத்தியமா உனக்கு? போலீஸ் கூட நிக்குற! அவன் காதுல விழுந்துட்டா குழந்தைய ஏதாச்சும் பண்ணிடுவான்க்கா! அந்தப் பாவத்த ஏன் தேடிக்கிற?"

"எவன்?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "எந்தக் குழந்தை?"

விசில் டெய்லரக்காவின் உதட்டருகே அப்படியே நின்றது.

தப்பாகப் போனால்? அவன் எங்கோ ஒரு பாழடைந்த கட்டடத்தில் வைத்திருந்தால்? போலீஸிடம் போனதாக அவனுக்கு யாராவது சொல்லிவிட்டால்? பெற்றவளே விசில் ஊதி எமனிடம் அனுப்பியதாகிவிடுமே.

"எங்கிட்டக் குடுக்கா அதை..."

விசில் நாடாவை அவள் பிடித்து இழுத்த வேகம்தான் டெய்லரக்காவைத் திடுக்கிட வைத்தது. ஆறுதல் சொல்கிறவள் பிடி இல்லை அது. கழுத்து அறுபடும் பிடி!

டெய்லரக்கா அவளைத் தள்ளிவிட்டாள். விசிலைப் பல்லில் கடித்தாள்.

ஊதினாள்!

ஒரே மூச்சு. நீ...ளமாக. கண்ணில் நீர் முட்டி, நெஞ்சு வெடிக்கிற வரைக்கும் ஊதினாள்.

தெரு அசையாமல் நின்றது. தலைவர் தொட்டியிலிருந்து தலையை எடுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தியா? நான்தான் சொன்னேனே..." மருந்துக்கடைக்காரர் மனைவியின் குரல் கிறீச்சிட்டது. "வாக்கா, ஸ்டேஷனுக்குப் போலாம். வா... வா சீக்கிரம்!"

க்ளக்!

ஒரு தாழ்ப்பாள் சத்தம்.

அவர்கள் நின்ற இடத்துக்கு நாலு வீடு பின்னால். டெய்லர் கடைக்கு நேர் எதிரே. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய கேட்.

கதவு திறந்தது. ஸ்கூல் பை முதுகில், கலர் பென்சில் கையில். சிட்டு!

"அம்மா! நான்தான் ஃபர்ஸ்ட்டா?"

அது மருந்துக்கடைக்காரரின் வீடு!

அடுத்த நொடி அதே கதவு வழியாக ஒருவன் பாய்ந்து வந்தான். மஞ்சள் மேல்சட்டை. கையில் போன். "ஏய் பொண்ணு, நில்லு!" அதே கரகரப்புக் குரல்!

கேட்டைத் தாண்டியவன் அப்படியே உறைந்தான். தெரு முழுக்க, நாலா பக்கமும், அவனைப் போலவே மஞ்சள் சட்டைகள். ஆனால் அவை எல்லாம் நிஜம்.

முதலில் அவன் மேல் விழுந்தது பூட்டுக்காரர். அவர் கொஞ்சம் கனமான மனிதர்.

*

டெய்லரக்கா மகளை விடவே இல்லை. இடுப்பு நோக நோகத் தூக்கி வைத்திருந்தாள். முகம், கழுத்து, காது என்று முத்தமிட்டு முடியவில்லை.

"அம்மா... கூசுது!"

"நான் கூப்பிட்டேனேடி... தெருவெல்லாம் கத்தினேனேடி!"

"கேட்டுச்சும்மா. நீ அழுதது கூடக் கேட்டுச்சு. எனக்கும் அழுகையா வந்துச்சு." உதட்டைப் பிதுக்கினாள். "ஆனா நீதானே சொன்ன... நான் கூப்பிட்டாலும் வராதே, விசில் கேட்டாத்தான் வரணும்னு."

டெய்லரக்கா வாய்விட்டு அழுதாள்.

"வேன்ல இறங்கினதும் விசில் கேட்டுச்சு. மருந்துக்கடை அத்தை கேட்டுல நின்னு, 'ஒத்திகை, ஓடி வா'ன்னாங்க. இந்த மாமாதான் விசில் ஊதினாரு. மஞ்சச் சட்டையும் போட்டிருந்தாரா... நம்ம குழுன்னு நெனச்சேன். கதவு பூட்டியிருந்துச்சும்மா. ஆனா கீழ சின்னத் தாழ்ப்பாள் இருக்குல்ல, அதைத் தூக்கினாத் தொறந்துக்கும்."

மாட்டிக்கொண்டவன் கரடியின் தம்பி. மருந்துக்கடைக்காரர் மனைவிக்கும் அவனுக்கும் இருந்த பழக்கம் புருஷனுக்குத் தெரிந்துபோனது. புருஷன் அதற்குமேல் ஒரு வாரம் உயிரோடு இல்லை. குத்தியது கரடி. குத்தச் சொன்னது வீட்டுக்காரி. கரடியை அடையாளம் காட்டிவிட்டால் அவன் வாயிலிருந்து முதலில் விழப்போவது அவள் பேர்தான். குழந்தையை அடக்கி உட்காரவைக்க ஒத்திகை என்றார்கள். ஒத்திகை எப்படி முடியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தவறிவிட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர் மனைவி ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தாள். கையில் விலங்கு. அந்த வீங்கிய கண்கள் இப்போதுதான் முதல்முறையாகக் காய்ந்திருந்தன.

டெய்லரக்கா கிட்டே போனாள்.

"உன் கையை எடுத்து என் கண்ணுல ஒத்திக்கிட்டேன்," என்றாள். திரும்பிவிட்டாள்.

பூட்டுக்காரர் சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"எல்லா மஞ்சள் வீட்டுலயும் குழந்தைக் கைக்கு எட்டுற மாதிரி கீழ ஒரு தாழ்ப்பாள் வைக்கணும், மேல பூட்டு போட்டாலும் அது தொறக்கணும்னு நான் சொன்னப்ப, தலைவர் என்ன சொன்னீங்க? 'வீண் வேலை'ன்னீங்க!"

"அதை ஏன்யா இப்போ..." தலைவர் தொண்டையைச் செருமினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இந்த வீட்ட நானே நேர்ல போய்ச் சோதிச்சேன் மேடம். அந்தம்மா காபி குடுத்துச்சு. தங்கமான மனுஷின்னு நெனச்சேன்."

"கதவைச் சோதிச்சீங்க, காபியைச் சோதிச்சீங்க, ஆளைச் சோதிக்கல," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "ஏங்க்கா, ஸ்டேஷனுக்கு வர்ற தெம்பு இருக்கா? கரடி ஷேவ் பண்ணின முகத்தோட வெய்ட் பண்றான்."

டெய்லரக்கா கண்ணைத் துடைத்தாள். மகளை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"வர்றேன் மேடம். இவளையும் தூக்கிட்டுத்தான் வருவேன். அவனை எந்த மூலையில நிறுத்தினாலும் காட்டுறேன்!"

தலைவர் மட்டும் அந்தக் கேட்டருகே நின்று நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 'பாதுகாப்பான வீடு.' மூலை மட்டும் பிய்ந்து வந்தது.

"மேடம்... இதை என்ன பண்றது? கிழிச்சுப் போட்டுடவா?"

இன்ஸ்பெக்டரம்மா ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"முழுசா உரிச்சுக் குடுங்க சார். இந்தம்மாவை வைக்கப் போற லாக்கப் கதவுல ஒட்டிடுறேன். அதைவிடப் பாதுகாப்பான வீடு இந்த ஏரியாவுலயே கெடையாது!"